நேரம் தவறக் கூடாத வைரஸ்கள்: சின்னம்மை முதல் ஹெபடைடிஸ் பி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்பில் இருபது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் கவரைப் பிரித்ததும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இது எத்தினி நாள்ல போவும்க்கா?" டெங்கு என்றால் ஒரு வாரம், பத்து நாள் என்று சொல்லிவிடலாம். சில ரிப்போர்ட்டுக்கு மட்டும் அப்படிப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கிருமி போகாது, உடம்பிலேயே தங்கிவிடும். அப்படித் தங்குகிறவற்றில் பெரும்பாலானவை டி.என்.ஏ. வைரஸ்கள்.

இவற்றில் பலவற்றுக்கு ஒரு கெடு உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரம், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரம், பெண் பிள்ளைக்கு 15 வயது ஆகும்வரை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு. அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால் வைரஸைத் தடுத்துவிடலாம், இல்லையென்றால் அதன் வேகத்தையாவது குறைத்துவிடலாம். கெடு தாண்டிய பிறகு லேப்புக்கு வந்த எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எந்த நோய்க்கு எத்தனை மணி நேரம், அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக எழுதுகிறேன். மருந்தின் அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதை இங்கே எழுதவில்லை.

முதல் படி: எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

வைரஸ் என்பது புரத உறைக்குள் சுருட்டி வைத்த மரபுக் குறிப்பு, அவ்வளவுதான். தனக்கென்று அடுப்பு கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து, நம் அடுப்பிலேயே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். அந்தக் குறிப்பை எழுதும் மரபுப் பொருள் இரண்டு வகை. அது ஆர்.என்.ஏ.வில் இருந்தால் ஆர்.என்.ஏ. வைரஸ், டி.என்.ஏ.வில் இருந்தால் டி.என்.ஏ. வைரஸ்.

இந்த வித்தியாசம் வீட்டில் இருப்பவர்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். ஆர்.என்.ஏ. வைரஸ்களில் பெரும்பாலானவை அவசரமாகப் படி எடுத்து நிறையத் தப்பு செய்யும். அதனால்தான் ஃப்ளூவும் கொரோனாவும் அடிக்கடி வேஷம் மாற்றின. டி.என்.ஏ. வைரஸ்களில் பலவற்றுக்குப் படி எடுக்கும்போதே பிழை திருத்தும் வசதி இருப்பதால் அவை மெதுவாகத்தான் மாறும். ஒருமுறை நல்ல தடுப்பூசி கண்டுபிடித்துவிட்டால் அது பல காலம் வேலை செய்யும். பெரியம்மைக்கு எதிராக 1796-ல் எட்வர்ட் ஜென்னர் மாட்டம்மைப் பாலை வைத்துத் தொடங்கிய வழிதான் கடைசிவரை பலன் கொடுத்தது. இந்தியாவில் 1975-ல் பெரியம்மை நின்றது. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மேல் கையில் வட்டமான அம்மைத் தழும்போடு இருக்கும் பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். கொல்லும் டி.என்.ஏ. வைரஸ் ஒன்றை மனிதர்கள் அடியோடு ஒழித்ததற்குச் சாட்சி அந்தத் தழும்பு.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நம் மரபணுவும் டி.என்.ஏ.தான், செல்லின் உட்கருவில் இருக்கிறது. டி.என்.ஏ. வைரஸ்களில் பல அதே உட்கருவுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சின்னம்மை வைரஸ் நரம்பின் வேரில் போய்ப் படுக்கும். ஹெபடைடிஸ் பி கல்லீரல் செல்லுக்குள் ஒரு குட்டி வளையமாகச் சுருண்டு கிடக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. சில சமயம் உடைந்து நம் மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும். பெரியம்மைக் குடும்பம் இதற்கு விலக்கு. அது உட்கருவுக்கு வெளியிலேயே பெருகும், வந்துவிட்டுப் போய்விடும்.

டி.என்.ஏ. பக்கம் இருப்பவை: சின்னம்மை, அக்கி, உதட்டில் வரும் காய்ச்சல் கொப்புளம், மரு, பாலுண்ணி, ஹெபடைடிஸ் பி வகைக் காமாலை, குரங்கம்மை, பெரும்பாலான மெட்ராஸ் ஐ. ஆர்.என்.ஏ. பக்கம் இருப்பவை: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, டெங்கு, சிக்குன்குனியா, போலியோ, வெறிநாய்க்கடி, எச்.ஐ.வி., கெட்ட தண்ணீரில் வரும் ஏ, இ வகைக் காமாலை, ரத்தத்தில் பரவும் ஹெபடைடிஸ் சி.

நாம் 'அம்மை' என்று ஒரே பெயரில் கூப்பிடும் சின்னம்மையும் தட்டம்மையும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். 'காமாலை' என்ற ஒரே பெயருக்குள்ளும் இரண்டு பக்கத்து வைரஸும் இருக்கின்றன. குழப்பம் பெரும்பாலும் இந்த இரண்டு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

இரண்டாம் படி: அம்மை போட்டால் முதல் 24 மணி நேரம்

முதலில் கொப்புளத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சின்னம்மை என்றால் சிவந்த தோலின் மேல் பனித்துளி உட்கார்ந்த மாதிரி தெளிந்த நீர் இருக்கும். அதைவிட நல்ல அடையாளம், ஒரே இடத்தில் மூன்று பருவமும் சேர்ந்து தெரிவது: இப்போதுதான் எழும்பிய சிவப்புப் புள்ளி, அதன் பக்கத்தில் நீர்க் கொப்புளம், அதற்கும் பக்கத்தில் காய்ந்த பொருக்கு. நெஞ்சிலும் முதுகிலும் அதிகம், கை காலில் குறைவு. தட்டம்மையில் நீர் கோக்காது. காதுக்குப் பின்னாலும் முகத்திலும் ஆரம்பித்துக் கீழே இறங்கும், கூடவே இருமலும் கண் சிவப்பும் இருக்கும்.

தொற்றிய 10-லிருந்து 21 நாளுக்குள் சின்னம்மை வெளியே தெரியும். கொப்புளம் வருவதற்கு ஒன்று இரண்டு நாள் முன்பே மற்றவர்களுக்குப் பரவ ஆரம்பித்துவிடும். எல்லாக் கொப்புளமும் பொருக்குத் தட்டும்வரை பரவிக்கொண்டே இருக்கும்.

நம் வீடுகளில் வாசலில் வேப்பிலை செருகுவோம், தாளிப்பை நிறுத்துவோம், வெளியாள் வரமாட்டார்கள், நாமும் யார் வீட்டுக்கும் போகமாட்டோம். இதை மூடநம்பிக்கை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒண்டுக்குடித்தனத்தில் எட்டுக் குடும்பம் ஒரே வாசல் வழியாகப் போய்வரும் இடத்தில், 'உள்ளே நோய் இருக்கிறது, தள்ளி நில்லுங்கள்' என்று ஒரு வார்த்தை பேசாமல் சொல்வதற்கு அந்த வேப்பிலைக் கொத்தை விடச் சிறந்த வழி கிடையாது. அரிப்புக்கு நகத்தால் கீறாமல் வேப்பிலையால் வருடுவதும் நல்லதுதான். இளநீர், கூழ், மோர் எல்லாம் கொடுங்கள். தலைக்குத் தண்ணி ஊத்தும்வரை குளிக்கவே கூடாது என்பதை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். தினமும் வெதுவெதுப்பான நீரில் மெல்ல உடம்பைத் துடைத்தால் புண்ணில் சீழ் பிடிக்காது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

"அம்மாவுக்கு மருந்து கொடுத்தா கோபம் வரும்" என்று சொல்லி டாக்டரிடம் போகாமல் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. அசைக்ளோவிர் என்ற மருந்து, முதல் கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்கிறது. ஆரோக்கியமான சின்னக் குழந்தைக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. பெரியவர்கள், கர்ப்பிணிகள், புகை பிடிப்பவர்கள், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கீமோ எடுப்பவர்கள் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போகலாம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. குழந்தைக்கு மூளையையும் ஈரலையும் தாக்கும் ரேஸ் சிண்ட்ரோம் வரலாம். இப்யூபுரோஃபென் சேர்ந்த சிரப்பும் வேண்டாம். மூச்சு வாங்குவது, நடக்கும்போது தள்ளாடுவது, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடப்பது, கொப்புளத்தைச் சுற்றித் தோல் சிவந்து சூடாக வீங்குவது — இதில் எது தெரிந்தாலும் ராத்திரி எத்தனை மணியாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தொற்று நோய்க்கென்றே தண்டையார்பேட்டையில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் பக்கம்தான்.

பக்கத்து வீட்டில் கர்ப்பிணி இருந்தால் ஒளிக்காமல் போய்ச் சொல்லிவிடுங்கள். அவருக்கு இதற்கு முன் அம்மை வந்ததில்லை என்றால், தயார் நிலையில் இருக்கும் எதிர்ப்புப் புரதத்தை ஊசியாகப் போடலாம். கூடிய சீக்கிரம் போட வேண்டும், நான்கு நாளுக்குள் என்றால் மிக நல்லது. பிரசவத்துக்கு 5 நாள் முன்பிலிருந்து 2 நாள் பின்பு வரைக்கும் தாய்க்கு அம்மை போட்டால் பச்சைக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. அந்தச் சமயத்தில் வெட்கமோ பயமோ வேண்டாம், வார்டில் நுழைந்ததும் சொல்லுங்கள்.

சின்னம்மைக்கு இரண்டு தவணைத் தடுப்பூசி இருக்கிறது. அரசு அட்டவணையில் இல்லாததால் தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். முடிந்தவர்கள் போடுங்கள்.

மூன்றாம் படி: அக்கிக்கு 72 மணி நேரம்

அக்கி புதுக் கிருமி கிடையாது. சின்ன வயதில் வந்த அதே அம்மை வைரஸ்தான். நரம்பு வேரில் நாற்பது, ஐம்பது வருஷம் படுத்துக் கிடந்து, வயதானாலோ சர்க்கரை ஏறினாலோ உடம்பு தளர்ந்தாலோ எழுந்து வரும். எந்த நரம்பில் படுத்திருந்ததோ அதன் பாதையிலேயே வரும். அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம் போடுகிறது, நடுக்கோட்டைத் தாண்டுவதில்லை. கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் நெருப்பு பட்ட மாதிரி எரியும். சட்டை பட்டாலே தாங்காது.

என் சித்திக்கு நெற்றியில் வந்தது. வலது புருவத்துக்கு மேலே ஆரம்பித்து, மறுநாள் மூக்கு நுனியில் இரண்டு கொப்புளம். வழக்கப்படி அக்கி எழுதக் கூட்டிப்போனோம். காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரசி, இறகால் நெற்றி முழுக்க எழுதினார் அந்தப் பெரியவர். குளிர்ச்சியாக இருந்ததென்று சித்தி சொன்னார். மூன்று காலை எழுதினோம். ஐந்தாம் நாள் கண் திறக்க முடியவில்லை. கண் மருத்துவமனைக்குப் போனபோது கருவிழியில் புண் வந்திருந்தது. அந்தக் கண்ணில் இன்றைக்கும் எல்லாம் புகை மூட்டமாகத்தான் தெரிகிறது. எழுதியவர் மேல் எனக்குத் துளிக் கோபமும் கிடையாது. அவர் காசு கூட வாங்கவில்லை. மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்குப் போகிற நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது. இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். அக்கி எழுத வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால் எழுதுங்கள், ஆனால் டாக்டரைப் பார்த்து முதல் மாத்திரை போட்ட பிறகு. திறந்த புண்ணின் மேல் எதையும் பூச வேண்டாம். நெற்றி, கண் இமை, மூக்கு, காது என்று முகத்தில் எங்கு வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் எரிச்சல் இருந்தால், "அக்கி போயிடுச்சே, இன்னும் ஏன் முனகுற?" என்று அவர்களைக் கடிந்துகொள்ளாதீர்கள். நரம்பு புண்பட்ட வலி அது, அதற்கென்று தனி மருந்து இருக்கிறது.

அக்கிக் கொப்புள நீர் பட்டால், அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை வரலாம். பேரப்பிள்ளையைக் கொஞ்ச நாள் பாட்டியிடம் படுக்க வைக்காதீர்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அக்கித் தடுப்பூசி இந்தியாவில் கிடைக்கிறது. இரண்டு தவணை, விலைதான் அதிகம்.

நான்காம் படி: மெட்ராஸ் ஐ

நம் ஊர்ப் பெயரை உலகத்துக்குக் கொண்டுபோன நோய். இதற்கு முக்கியக் காரணம் அடினோ வைரஸ். 1819-லிருந்து இயங்கும் எழும்பூர் கண் மருத்துவமனையில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் கண் நோயைப் பதிவு செய்தார்கள், பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்த வைரஸையே தனியாகப் பிரித்தெடுத்தது 1953-ல்தான். சில சமயம் ஆர்.என்.ஏ. வைரஸாலும் பாக்டீரியாவாலும் கூட இதே மாதிரி கண் சிவக்கும்.

பார்த்தாலே ஒட்டாது. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட துண்டு, தலையணை, செல்போன், பஸ் கம்பி வழியாகப் போகும். கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைக் குறைக்குமே ஒழிய பரவுவதைத் தடுக்காது. அடினோ வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லாததால் சானிடைசருக்கு அவ்வளவாக அசையாது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். நோயாளிக்குத் தனித் துண்டு கொடுங்கள், பீளையைத் துடைத்த பஞ்சைக் கையோடு தூக்கிப் போடுங்கள், குழந்தையை ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். ஒன்று இரண்டு வாரத்தில் தானே போய்விடும். தாய்ப்பால், பன்னீர் எதையும் கண்ணில் விட வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒரே நாளில் சிவப்பைக் குறைக்கும், அதனால்தான் பலர் வாங்குகிறார்கள். அது வைரஸை இன்னும் கொஞ்ச நாள் கண்ணிலேயே வைத்திருக்கும். பார்வை மங்கினாலோ வெளிச்சம் பட்டு வலித்தாலோ கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஐந்தாம் படி: ஹெபடைடிஸ் பி — பிறந்த 24 மணி நேரம்

இதைத்தான் நான் அதிகம் எழுத நினைத்தேன், ஏனென்றால் என் மேஜையில் இதுதான் அதிகம் வருகிறது.

சவுதிக்கு வேலைக்குப் போக இருந்த காசிமேட்டுப் பையன் ஒருவன். அங்கே கேட்கும் மெடிக்கலுக்கு முன்னால் இங்கே ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தான். ஆள் திடகாத்திரமாக இருந்தான், காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை. ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரை எடுத்து, ஹெபடைடிஸ் பி பார்க்கும் அட்டையில் சொட்டு விட்டேன். முதலில் 'சி' என்ற இடத்தில் ரோஸ் நிறக் கோடு வந்தது. அட்டை சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அது. 'டி' இடத்தில் ஒன்றும் வரக் கூடாது. பத்து நிமிஷம் கழித்து அங்கே மெலிசாக ஒரு நிழல் விழுந்தது. பதினைந்தாவது நிமிஷம் அது கோடாகிவிட்டது.

"இன்னா மேடம், ரியாக்டிவ்னு போட்டுக்கீது? நான் நல்லாத்தானே கீறேன்?"

"நல்லாத்தான் இருக்கே கண்ணு. அதுதான் இந்த வியாதியே. உக்காரு, சொல்றேன்."

அந்த அட்டை தேடும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேல் சட்டைப் புரதம். அது ரத்தத்தில் தெரிந்தால் வைரஸ் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். இந்தப் புரதத்தை 1960-களில் கண்டுபிடித்தவர் பாரூக் பிளம்பர்க். அதற்காக 1976-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் பிறந்த ஜூலை 28-தான் உலகக் கல்லீரல் அழற்சி நாள். இந்தியாவில் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் கொடுக்கும் தேசியத் திட்டமும் 2018-ல் அதே நாளில்தான் தொடங்கியது.

இந்த நோயில் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரியவர் ஒருவருக்குப் புதிதாகத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் கிட்டத்தட்ட 90 சதவீதம் குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாமல் முப்பது, நாற்பது வருஷம் ஈரலை அரித்து, சிலருக்கு ஈரல் சுருக்கத்திலும் சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும். அந்தப் பையனின் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவருக்கும் அதே கோடு.

ஆகவே செய்ய வேண்டியவை:

கர்ப்பிணி என்று தெரிந்ததும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பாருங்கள். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள், ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். பாசிட்டிவ் என்றால் ரத்தத்தில் வைரஸின் அளவைப் பார்ப்பார்கள். அது அதிகமாக இருந்தால் ஏழாம் மாதத்திலிருந்து டெனோஃபோவிர் மாத்திரை. குழந்தை பிறந்ததும் ஒரு தொடையில் தடுப்பூசி, இன்னொரு தொடையில் எதிர்ப்புப் புரத ஊசி. இரண்டும் 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும், 12 மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ராத்திரி பிறந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பிறந்தாலும் மணிக்கணக்கு மாறாது. பிரசவத்துக்கு முன்பே, "எதிர்ப்புப் புரத ஊசி இங்க இருக்கா சிஸ்டர்?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியில் இதுவும் சேர்ந்தே வரும். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். குழந்தைக்கு 9 மாதத்துக்கு மேல் ஆனதும் ஒருமுறை ரத்தம் பார்த்து, தப்பித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

தாய் நெகட்டிவ் என்றாலும் பிறந்த அன்று போடும் தடுப்பூசியை விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறு மாதம் கழித்து. ஹெபடைடிஸ் பி ஊசி நாடு முழுக்கக் குழந்தைகள் அட்டவணையில் வந்தது 2011 வாக்கில்தான். அதற்கு முன்பு பிறந்த பலர் போட்டிருக்க மாட்டார்கள். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் தரம் பிரிப்பவர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆஸ்பத்திரி வார்டில் வேலை செய்பவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், வீட்டில் பாசிட்டிவ் ஆள் உள்ளவர்கள் — இவர்களுக்கு இது கட்டாயம். குப்பையில் ஊசி குத்திவிட்டால் நசுக்கிப் பிழிய வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வைரஸ் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, காது குத்தும் ஊசி, பச்சை குத்தும் ஊசி எதையும் பகிரக் கூடாது. சலூனில் உங்கள் கண் முன்னால் புது பிளேடு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு ஊசி போட்டு முடிக்கும்வரை ஆணுறை.

சேர்ந்து சாப்பிட்டால், ஒரே தட்டில் சாப்பிட்டால், கட்டிப்பிடித்தால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினால் பரவாது. பாசிட்டிவ் என்று தெரிந்ததும் தட்டும் டம்ளரும் தனியாக வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். பிரசவ வலியோடு வந்த பெண்ணை இந்த ரிப்போர்ட்டைக் காரணம் காட்டி ஒரு தனியார் மருத்துவமனை வாசலோடு திருப்பி அனுப்பியதும் தெரியும். அந்தப் பெண்ணை ஆட்டோவில் ஏற்றி ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே தாயையும் பிள்ளையையும் நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

கீழாநெல்லியைப் பற்றிக் கேட்காதவர்களே இல்லை. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், பிளம்பர்க்கும் சேர்ந்து 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் புரதம் மறைந்தது என்றது அது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த அளவுக்குப் பலன் கிடைக்கவில்லை. தண்ணீரால் வரும் காமாலை சில வாரத்தில் தானே இறங்கிவிடும், அந்தப் பெயரைக் கீழாநெல்லி வாங்கிக்கொள்கிறது. தங்கிவிட்ட ஹெபடைடிஸ் பிக்கு அதை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். டெனோஃபோவிரும் என்டெகாவிரும் வைரஸை அடக்கி வைக்கும், வேரோடு எடுக்காது. டாக்டர் சொல்லாமல் நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது சீறி எழுந்து ஈரலையே செயலிழக்க வைக்கலாம்.

பாசிட்டிவ் என்றாலே எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. ஈரல் என்சைம், வைரஸ் அளவு, ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று காட்டும் ஃபைப்ரோஸ்கேன் எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். மாத்திரை வேண்டாம் என்று சொன்னாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுங்கள். சாராயத்தை அடியோடு விடுங்கள்.

ஆறாம் படி: பெண் பிள்ளைக்கு 15 வயது ஆகும் முன்

எச்.பி.வி. என்ற வைரஸில் இருநூறுக்கும் மேற்பட்ட வகை உண்டு. சில வகை கையில் மருவாக வரும், அதனால் பெரிய தொல்லை இல்லை. 16, 18 ஆகிய இரண்டு வகைதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். இதை நிரூபித்த ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் கிடைத்தது.

உடலுறவு கொள்ளும் பெரும்பாலோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது எச்.பி.வி. தொற்றும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் தானே போய்விடும். மீதிப் பேருக்குத் தங்கி, 15, 20 வருஷத்தில் புற்றாகலாம். அதனால் பாசிட்டிவ் ரிப்போர்ட் யாருடைய நடத்தைக்கும் சான்றிதழ் ஆகாது. இதைச் சொல்லி வீட்டில் சண்டை வேண்டாம்.

தடுப்பூசியை வைரஸ் வருவதற்கு முன் போட வேண்டும். 9-லிருந்து 14 வயதுக்குள் என்றால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, ஒரு ஊசியே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 15 ஆகிவிட்டால் மூன்று ஊசி வரை தேவைப்படலாம். இந்தியாவிலேயே தயாராகும் செர்வாவாக் ஊசியும் வந்துவிட்டது. 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் படிப்படியாகப் போடுவோம் என்று 2025-26 தமிழக பட்ஜெட்டில் அறிவித்தார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் விசாரியுங்கள். ஊசி போட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருவது பொய்.

30 வயது தாண்டிய பெண்கள் பரிசோதனைக்குப் போக வேண்டும். கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான நீர்த்த அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். மாறிய செல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வலிக்காது. அரசு மருத்துவமனைகளில் இலவசம். "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சொல்லும் அம்மாக்களைத்தான் முதலில் கூட்டிப்போங்கள், புற்று ஆரம்பத்தில் எதையுமே காட்டாது. மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் ஒரு நாள் கூடத் தள்ளிப் போட வேண்டாம்.

ஏழாம் படி: மற்றவை

உதட்டோரக் கொப்புளம் ஹெர்பிஸ். அது இருக்கும்போது பச்சைக் குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள், பிறந்த சில வாரக் குழந்தைக்கு அது மூளை வரை போகலாம். குழந்தைகளின் தோலில் நடுவில் குழியோடு முத்து முத்தாக வரும் பாலுண்ணி மாதக்கணக்கில் இருந்துவிட்டுப் போகும், கிள்ளினால் பரவும். கன்னத்தில் அறைந்த மாதிரி சிவந்து வரும் காய்ச்சல் பார்வோ வைரஸ். குழந்தைக்கு ஒன்றும் செய்யாது, கர்ப்பிணிக்கும் தலசீமியா போன்ற ரத்த நோய் உள்ளவர்களுக்கும்தான் கவலை. சி.எம்.வி. என்ற ஹெர்பிஸ் குடும்ப வைரஸ் நம்மில் பெரும்பாலானவர்கள் உடம்பில் ஏற்கெனவே இருக்கிறது. கருவிலேயே தாக்கினால் குழந்தைக்குக் காது கேட்காமல் போகலாம், சிறுநீரகம் மாற்றியவர்களுக்கும் தொல்லை. 2022 ஜூலையில் கேரளம் வழியாக இந்தியாவுக்கு வந்த குரங்கம்மை, பெரியம்மையின் உறவுதான். கொப்புளத்தோடு நெறி கட்டியிருந்து, அண்மையில் வெளிநாட்டுப் பயணமோ அப்படிப் போய்வந்தவரோடு நெருக்கமோ இருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

கடைசிப் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

இருபது ரூபாய்க்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே வையுங்கள். ஆளுக்கு ஒரு பக்கம். சின்னம்மை வந்த வருஷம், ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட தேதிகள், எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்த்த தேதியும் முடிவும், பெண் பிள்ளை என்றால் எச்.பி.வி. ஊசி, 30 தாண்டியவர் என்றால் கடைசியாகக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்த தேதி. பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை ஜெராக்ஸ் எடுத்து அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் தெருவில் இருப்பவர்கள் போனில் படமும் எடுத்து வையுங்கள்.

அந்தக் காசிமேட்டுப் பையன் இப்போது ஸ்டான்லியில் காட்டிக்கொண்டிருக்கிறான். சவுதி போக முடியவில்லை, மீன்பிடி லாஞ்சுக்குத்தான் போகிறான். தம்பி, தங்கை, அண்ணி எல்லோரையும் அவனே கூட்டிவந்து ரத்தம் கொடுக்க வைத்தான். தங்கைக்கு நெகட்டிவ், ஊசியும் இரண்டு தவணை முடிந்துவிட்டது. மூன்றாவது தவணைத் தேதியை அவள் நோட்டில் நான்தான் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.